நல்லது கெட்டதுக்கு அவரும் வரட்டும்

தலையில் அடிபட்டு, ஜிப்மரிலோ சிதம்பரம் மருத்துவக் கல்லூரியிலோ வாரக்கணக்கில் கிடந்தவர் கம்மாபுரத்துக்குத் திரும்பி வந்த முதல் பத்து நாள், வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. ஆப்பிளும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் குவியும். "உசுரு தப்பிச்சதே பெருசு" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். மூன்றாவது மாதம் வாசலில் செருப்பு குறையும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், திண்ணையில் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார். உள்ளே அவர் மனைவி தனியாக அல்லாடிக்கொண்டிருப்பார்.

சென்ற அத்தியாயம் மருத்துவமனையோடு முடிந்தது. இந்த அத்தியாயம் அந்தத் திண்ணையிலிருந்து தொடங்குகிறது. விபத்து, பக்கவாதம், மூளைக் காய்ச்சல், மூளையில் அறுவை சிகிச்சை என எதனால் வந்த பாதிப்பாக இருந்தாலும், வீட்டுக்கு வந்த பிறகு நடக்க வேண்டியவை பெரும்பாலும் ஒன்றுதான்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தலைக்காயம் பட்டவர்களின் குடும்பத்தாரை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து சந்தித்து, 1986இல் முடிவை வெளியிட்டார்கள். விபத்து நடந்து ஓராண்டில் குடும்பம் சொன்ன சுமையைவிட ஐந்தாம் ஆண்டில் சொன்ன சுமை அதிகமாக இருந்தது. நடக்க முடியாததையும் கை வராததையும்விட, குணம் மாறிப்போனதுதான் வீட்டாரை அதிகம் வாட்டியிருந்தது. காலம் ஆக ஆகப் பழகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். பழகுவது வேறு, தேய்வது வேறு. ஆகவே, பார்த்துக்கொள்கிறவர் தேய்ந்துபோகாமல் இருக்கச் செய்ய வேண்டியதை முதல் மாதத்திலேயே செய்துவிட வேண்டும்.

"முன்ன மாதிரி இல்ல"

இந்தப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் காதில் விழும் வார்த்தை இது. கை கால் நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறார், நடக்கிறார், ஆனால் முன்ன மாதிரி இல்லை. எழுப்பிவிட்டால் குளிப்பார், எழுப்பாவிட்டால் மத்தியானம்வரை பாயிலேயே கிடப்பார். சின்ன விஷயத்துக்குத் தட்டை வீசுவார். அடுத்த நிமிஷம் ஒன்றுமே நடக்காததுபோல் காபி கேட்பார். கேட்டதையே ஐந்து முறை கேட்பார். மாமனார் முன்னால் சொல்லக் கூடாததைச் சொல்வார்.

ஊர் இதற்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறது: சோம்பேறித்தனம், திமிர். இரண்டும் தப்பு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் ஒரு வேலையைத் தானாகத் தொடங்க வைக்கிறது, கோபத்தை அடக்குகிறது, இடம் பார்த்துப் பேச வைக்கிறது. வண்டியிலிருந்து விழும்போது பெரும்பாலும் அடிபடுவது அந்த இடம்தான். தனக்குக் குறை இருப்பதே தெரியாமல் போவதும் இதே காயத்தின் வேலை. "எனக்கு ஒண்ணுமில்ல, வண்டிச் சாவியைக் குடு" என்று அவர் சண்டை போடுவது பிடிவாதம் போலத் தெரியும். உண்மையில் அவருக்குத் தெரியவில்லை.

இதை வீட்டார் மட்டும் புரிந்துகொண்டால் போதாது. எதிர்வீட்டுக்கும், டீக்கடைக்காரருக்கும், பிள்ளைகளின் ஆசிரியருக்கும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். "தலையில அடிபட்டதால கோவம் சட்டுனு வந்துடும், மனசுல வச்சுக்காதீங்க. ரெண்டு நிமிஷம் தள்ளி நின்னா சரியாயிடும்." இவ்வளவு போதும். மூடி மறைத்தால் ஊர் தானாக ஒரு கதை கட்டும், அது குடிகாரன் கதையாகவோ செய்வினைக் கதையாகவோதான் இருக்கும்.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு பாடம் தேவைப்படுகிறது. வந்ததும் வராததுமாக, "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைப்பது நம் வழக்கம். அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் பத்துப் பேர் முன்னால் பெயர் வராமல் தடுமாறுகிறவருக்கு அது தண்டனை. வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "பெரியப்பா, நீங்களே பேரைச் சொல்லிட்டுப் பேச்சைத் தொடங்குங்க." "நான்தான்டா, சேத்தியாத்தோப்பு பெரியப்பா வந்திருக்கேன்" என்று தொடங்கினால் மீதிப் பேச்சு தானாக நடக்கும். ஒரு நேரத்தில் ஒருவர் பேசினால் போதும், டிவியை அணைத்துவிடுங்கள். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள். பேச்சு வராதவருக்கு வார்த்தையை எடுத்துக் கொடுக்க நம் நாக்கு துடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மறதிக்கு மருந்தைவிட ஏற்பாடுதான் உதவும். நம் வீட்டுச் சுவரில் எப்படியும் தினசரி காலண்டர் தொங்குகிறது. காலையில் அந்தத் தாளைக் கிழிப்பது இனி அவர் வேலை. கிழித்து, தேதியையும் கிழமையையும் வாய்விட்டுப் படிக்கட்டும். பின்பக்கத்தில் அன்றைக்குச் செய்ய வேண்டிய மூன்று வேலைகளை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

பார்த்துக்கொள்கிறவரைப் பார்த்துக்கொள்வது

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு நாற்பது வயது. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அவருடைய அம்மா. தம்பி அதே தெருவில் தனிக்குடித்தனம். அக்காவை நெய்வேலியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. எல்லாரும் "நாங்க இருக்கோம்" என்கிறார்கள். வேலை மட்டும் மனைவி ஒருவர் தலையில்.

"நாங்க இருக்கோம்" என்பதை நோட்டில் எழுதி வாங்க வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கும், உறவில் கணக்கு பார்ப்பதா என்று தோன்றும். பாருங்கள். தம்பி: செவ்வாயும் சனியும் மாலை ஐந்திலிருந்து எட்டுவரை, அண்ணனை அழைத்துக்கொண்டு நடைக்குப் போவது. அக்கா: மாதத்தில் ஒரு ஞாயிறு முழுக்க வந்து இருப்பது. அம்மா: காலை மாத்திரை. தம்பி வருகிற அந்த மூன்று மணி நேரத்தில் மனைவி துணி துவைக்கக் கூடாது. மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், தூங்கலாம். துணி நாளைக்குத் துவைக்கலாம். இந்த விதியை நான் விளையாட்டாக எழுதவில்லை. ஓய்வு நேரத்தில் ஓய்வெடுக்க நம் பெண்களுக்கு யாரும் அனுமதி கொடுத்ததில்லை, அவர்களும் எடுத்துக்கொண்டதில்லை.

அடிபட்டவர் பெண்ணாக இருந்தால் கதை வேறு திசையில் போகிறது. பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஹெல்மெட் இல்லாமல், வேகத்தடையில் தூக்கி எறியப்பட்டவர்கள் எத்தனையோ பேர். சிகிச்சை முடிந்ததும் "கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருக்கட்டும்" என்று அனுப்புகிறார்கள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போகிறது, பிள்ளைகள் இங்கே, தாய் அங்கே. பிறந்த வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் திரும்பும் தேதியைப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிவு செய்துவிட்டு அனுப்புங்கள்.

பிள்ளைகளிடம் பொய் சொல்ல வேண்டாம். "அப்பாவுக்குத் தலைக்குள்ள காயம், அதனால கத்துறாரு, உன் மேல தப்பு இல்ல" என்று ஐந்து வயதுக் குழந்தைக்கும் சொல்லலாம். கத்தல் கை ஓங்குவதாக மாறினால், காயத்தைக் காரணம் காட்டிப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. முதலில் பிள்ளைகளோடு அறையை விட்டு வெளியே வாருங்கள், பிறகு மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு மருந்தும் இருக்கிறது, பயிற்சியும் இருக்கிறது. பெண்களுக்கான 181 உதவி எண்ணும், மனநல ஆலோசனைக்கான 14416 எண்ணும் பகல் இரவு எந்நேரமும் எடுக்கப்படும். 14416 நோயாளிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், தூக்கம் கெட்டுப்போன மனைவியும் கூப்பிடலாம்.

அந்த நோட்டை மூடுமுன் ஒரு விஷயம். அதே நோட்டில் தினம் ஐந்து வரி எழுதி வாருங்கள்: எத்தனை மணி தூங்கினார், வலிப்பு வந்ததா, எதற்குக் கோபம் வந்தது, எதைத் தானாகச் செய்தார், எதற்கு ஆள் வேண்டியிருந்தது. மருத்துவர் உங்களுக்கு ஒதுக்கும் நான்கு நிமிஷத்தில் அதுதான் பேசும். ஊனச் சான்றிதழ் குழுவிடமும் விபத்து இழப்பீட்டு வழக்கிலும் அதுதான் உதவிக்கு வரும்.

மொய் அவர் கையால்

குணமானதும் வெளியே கூட்டிப்போகலாம் என்று காத்திருக்கும் வீடுகள் காத்துக்கொண்டே இருக்கின்றன. மூளைக் காயத்தில் முதல் ஆறு மாதம் முன்னேற்றம் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் நடக்கும், ஆண்டுக்கணக்கில் தொடரும். மனிதர் முகம் பார்ப்பதும், கடையில் சில்லறை எண்ணி வாங்குவதும், தெருவைக் கடப்பதும் அந்த முன்னேற்றத்துக்கான பயிற்சிகள். நான்கு சுவருக்குள் அவை கிடைக்காது.

நம் ஊரில் ஒருவர் சமூகத்தில் இருக்கிறாரா இல்லையா என்பதை அறிய பெரிய ஆராய்ச்சி வேண்டாம், பத்திரிகை யார் கையில் கொடுக்கப்படுகிறது என்று பார்த்தால் போதும். கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வருகிறவர்கள், திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைத் தாண்டி உள்ளே போய் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவமானப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் ஒன்றும் இல்லை, அவருக்குப் புரியுமோ என்னவோ என்ற தயக்கம். மனைவி அதை வாங்கக் கூடாது. "அவர் கையில குடுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நிற்க வேண்டும். அடுத்த முறை அவர்களே கொடுப்பார்கள்.

மொய்யும் அப்படித்தான். கவரில் பணத்தை முன்பே போட்டு, ஊர், பெயர், தொகை மூன்றையும் சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். மொய் எழுதும் மேசைக்கு அவரே போகட்டும். பேச்சு வராவிட்டால் சீட்டை நீட்டட்டும். மொய் நோட்டில் அவர் பெயர் எழுதப்படுகிறது, மண்டபத்தில் நாலு பேர் அதைப் பார்க்கிறார்கள். பிற்பாடு நம் வீட்டு விசேஷத்துக்கு அந்த மொய் அவர் பெயருக்கே திரும்பி வரும். பேச்சுப் பயிற்சியாளர் ஒரு மாதத்தில் கொடுக்கிற தெம்பை இந்த ஒரு மேசை கொடுத்துவிடும் என்று எனக்குத் தோன்றும். மிகையாகவும் இருக்கலாம்.

கூட்டமும் சத்தமும் மூளைக் காயத்துக்கு ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணம் என்றால் முகூர்த்த நேரத்து மேளத்தைத் தவிர்த்து, முந்தைய நாள் மாலை வரவேற்பு தொடங்குகிற நேரத்தில் போய், முதல் பந்தியில் சாப்பிட்டுத் திரும்பிவிடலாம். விருத்தகிரீஸ்வரர் கோயில் மாசி மகத் தேரை மாடியிலிருந்து அரை மணி நேரம் பார்த்தால் போதும், தெருவில் நிற்க வேண்டாம். கிளம்பும்போதே "களைப்பா இருந்தா என் தோளைத் தொடுங்க, உடனே போயிடலாம்" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்பார்கள். போகலாம். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வருவதும் நிற்காமல் அழுவதும் சிலருக்கு உண்டு. அப்படிப்பட்டவர் மாலை போட்டுவிட்டு ஓரமாக நிற்கட்டும். போகாமல் விட்டால் "அவன் செத்ததுக்கு நான் போகலையே" என்று பல மாதம் புலம்புவார்.

விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது (முறையீட்டுச் சீட்டு) கட்டாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. விபத்து நடந்த வாரமே யாராவது போய்க் கட்டியிருப்பார்கள். முன்னேற்றம் தெரிந்ததும் மறுபடியும் போக வேண்டியிருக்கும், அப்போது அவரையும் அழைத்துப் போங்கள். தன் பெயர் எழுதிய சீட்டை அவரே பார்க்கட்டும். பிராதில் பெயர், ஊர், குறை எல்லாவற்றையும் சாமிக்கே தெளிவாக எழுதிக் கொடுக்கிறோம், ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிற மனுவில் மட்டும் "உதவி செய்ய வேண்டுகிறேன்" என்று மொட்டையாக முடித்துவிடுகிறோம். இதைப் பற்றிக் கீழே.

கண்டிப்பாகக் கூடாதவையும் உண்டு. மது ஒரு சொட்டும் கூடாது. அடிபட்ட மூளைக்கு அது அதிகமாக ஏறும், வலிப்பையும் கிளப்பும். பழைய நண்பர்களை விரட்ட வேண்டாம், டாஸ்மாக் பக்கம் அழைத்துப் போகாதீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது. வலிப்பு வருகிறவர் ஏரியிலோ கிணற்றிலோ மணிமுத்தாற்றிலோ தனியாக இறங்கக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. பணம் அவர் கையில் இருக்க வேண்டும், ஆனால் அளவாக. சேமிப்புக் கணக்கை அவர் போனில் இருக்கும் ஜிபேயோடு இணைத்து வைத்துவிட்டு, அது ஆன்லைன் விளையாட்டில் போய்விட்டது என்று அழுவதைவிட, இருநூறு முந்நூறு மட்டும் இருக்கும் தனிக் கணக்கு ஒன்றை இணைப்பது நல்லது.

வேலைக்குத் திரும்புதல்: செராமிக்கை முன்வைத்து

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்கிறவர்களில் கம்மாபுரம் சுற்றுவட்டாரத்துக்காரர்களும் உண்டு. இந்தத் தொழில் ஒரு விதத்தில் நமக்கு வசதி. ஒரு பொம்மை பிறப்பதற்குள் வேலை பல துண்டுகளாகப் பிரிந்துவிடுகிறது. களிமண் கரைசல் தயாரிப்பது, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவது, நேரம் பார்த்து மிச்சக் கரைசலைக் கவிழ்ப்பது, அச்சைப் பிரிப்பது, விளிம்பைச் சீவி ஈர ஸ்பாஞ்சால் துடைப்பது, காயவைப்பது, வண்ணம் பூசுவது, கிளேசில் முக்குவது, சூளையில் அடுக்குவது, சுட்ட பிறகு தரம் பிரித்துக் கட்டுவது.

"பழைய வேலையைச் செய்ய முடியுமா?" என்று மொத்தமாகக் கேட்டால் முதலாளியும் சரி, வீட்டாரும் சரி, முடியாது என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு துண்டாகக் கேட்க வேண்டும். சூளைப் பக்கம் வேண்டாம், வலிப்பு உள்ளவருக்கு வெப்பமும் நெருப்பும் ஆபத்து. அச்சில் ஊற்றிவிட்டு நேரம் பார்த்துக் கவிழ்ப்பதற்குக் கவனமும் நினைவும் வேண்டும். மறந்தால் சுவர் தடித்து உருப்படி வீணாகும். அலாரம் வைத்துக்கொண்டு பிறகு முயலலாம். விளிம்பு துடைப்பது உட்கார்ந்து செய்கிற, ஒரே மாதிரியான, தப்பு நடந்தாலும் கரைத்து மறுபடி ஊற்றிக்கொள்ளக்கூடிய வேலை. சுடாத மண்ணுக்கு அந்த வசதி உண்டு. ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர்கூட, உருப்படியை ஈரத்துணி மடிப்பில் நிறுத்திக்கொண்டு இதைச் செய்யலாம். தொடக்கத்துக்கு இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதல் மாதம் காலை இரண்டு மணி நேரம் மட்டும். மூளைக் காயத்தின் களைப்பு உடம்புக் களைப்பு போலக் கண்ணுக்குத் தெரியாது. பதினொரு மணிக்குத் திடீரென்று ஆள் அணைந்துபோவார், அதற்கு மேல் செய்வதெல்லாம் தப்பாகும், கோபமும் வரும். தப்பு தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிட்டால், மறுநாள் தானாகக் கிளம்புவார். பக்கத்தில் உட்காருகிற ஒருவரைத் துணையாகப் பிடித்துக்கொள்ளுங்கள், முதலாளியைவிட அவர் முக்கியம். கூலி குறைவாக இருக்கும்தான். ஆனால் கூலியே இல்லாமல் "சும்மா வந்து உக்காரட்டும்" என்று சொல்கிற இடத்தில் நீண்ட நாள் விடாதீர்கள். உழைப்பு உழைப்புதான்.

விவசாயம், முந்திரி, ஆடு மாடு எதுவாக இருந்தாலும் முறை இதேதான், வேலையைத் துண்டாக்கிப் பாருங்கள். நூறு நாள் வேலையில் தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்றவை மாற்றுத்திறனாளிகளுக்கென்றே வைக்கப்பட்டவை, ஊராட்சியில் கேளுங்கள். என்எல்சி போன்ற அரசு நிறுவனத்தில் நிரந்தரப் பணியாளராக இருந்தால், பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டது என்பதற்காக வேலையிலிருந்து நீக்கவோ பதவியைக் குறைக்கவோ 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு இடம் கொடுப்பதில்லை. செய்ய முடிகிற வேறு பணிக்கு அதே சம்பளத்தில் மாற்ற வேண்டும். அதனால் யாராவது "எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க" என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இவ்வளவு உறுதியானதில்லை. இஎஸ்ஐ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடந்த விபத்தும் கணக்கில் வரும்.

காகிதங்கள்

சலிப்பான பகுதி, ஆனால் தாண்டிப் போக முடியாது.

சட்டம் பட்டியலிட்டிருக்கும் 21 ஊன வகைகளில் "தலைக்காயம்" என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. அதைக் கேட்டுவிட்டு "உங்களுக்குக் கிடையாதாம்" என்று திரும்பிவிட்ட குடும்பங்கள் உண்டு. காயத்தின் விளைவை வைத்துத்தான் சான்றிதழ். கை கால் செயலிழப்பு இயக்கக் குறைபாட்டிலும், பேச்சு போனது பேச்சு மொழிக் குறைபாட்டிலும் வரும். நடத்தை மாற்றம் இருந்தால் மனநல மருத்துவரும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று சேர்ந்தால் பன்முகக் குறைபாடு. கை கால் நன்றாக இருக்கிறவருக்குத்தான் சிக்கல். குழுவின் முன்னால் ஐந்து நிமிஷம் அழகாகப் பேசிவிட்டு வந்துவிடுவார். அங்கேதான் உங்கள் நோட்டு தேவைப்படுகிறது. "மறதி இருக்கு" என்று சொல்லாதீர்கள். "போன மாசம் மூணு தடவை கேஸ் அடுப்பை அணைக்காம விட்டாரு, தேதி எழுதியிருக்கேன்" என்று சொல்லுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான திட்டங்கள் திறக்கும்.

கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆக உயர்ந்தது. தகுதியும் தொகையும் அவ்வப்போது மாறும், கடலூரில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். மனுவில் எது வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்: சக்கர நாற்காலியா, உதவித்தொகையா, வீட்டு வாசலில் சாய்தளமா. பெற்றுக்கொண்டதற்கான எண்ணை வாங்காமல் வராதீர்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. துணைக்கு வருகிறவருக்கும் கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். அதற்குக் கம்மாபுரம் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். அவர் வருகிற நாளில் வீட்டில் இரண்டு பேராவது கூட இருந்து கற்றுக்கொள்ளுங்கள், அவர் வராத நாள்கள்தான் அதிகம். பேச்சுப் பயிற்சி, தொழில்வழிப் பயிற்சி ஆகியவற்றுக்கு மாநில அரசின் உரிமைகள் திட்டத்தில் வந்திருக்கும் "விழுதுகள்" மையம் பக்கத்தில் எது என்று விசாரியுங்கள். அடிபட்டது பள்ளிப் பிள்ளை என்றால் கம்மாபுரம் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், வீட்டில் இருந்தபடியே பள்ளிப் பதிவைத் தக்கவைக்கவும் வழி சொல்வார்.

சாலை விபத்து என்றால் இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தாமதமாகிவிட்டாலும் வக்கீலைக் கேட்காமல் கைவிடாதீர்கள். சான்றிதழில் 40 சதவீதம் என்றால் பிழைப்பும் 40 சதவீதம்தான் போனது என்று கணக்கிடக் கூடாது, அவர் செய்துவந்த தொழிலுக்கு அந்தக் குறை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. 2020இல் அதே நீதிமன்றம், தலைக்காயத்தால் முழுக்கச் செயலிழந்த ஒரு சிறுமிக்கு 62 லட்சத்துக்கும் மேல் கொடுக்க உத்தரவிட்டபோது, இரண்டு உதவியாளர்களின் செலவை ஆயுளுக்கும் கணக்கிட்டுச் சேர்த்தது. வீட்டில் தாயோ மனைவியோ செய்கிற பராமரிப்புக்கும் விலை உண்டு என்பதை உங்கள் வக்கீலுக்கு நினைவூட்டுங்கள்.

கணவர் பெயரில் பணமும் நிலமும் இருந்து, அவரால் கையெழுத்துப் போட முடியாமல் போனால் வங்கி கதவைச் சாத்திவிடும். 2016 சட்டத்தில் வரம்புக்குட்பட்ட காப்பாளர் என்ற ஏற்பாடு இருக்கிறது. அவரோடு கலந்து பேசி, குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைக் காப்பாளராக்கிச் சொத்தைக் கையாள 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது. ஆனால் கொஞ்சம் மறதி என்பதற்காக, "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுதி வாங்கப் பங்காளிகள் அவசரப்படுவார்கள். அந்த அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

மற்றக் குடும்பங்களோடு

மேரி வர்கீஸ் என்ற டாக்டர் 1954இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வேலூர் சிஎம்சியில் அந்தத் துறைக்குத் தலைவரானார், 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. அங்கே நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் தங்கிப் பராமரிப்பைக் கற்றுக்கொள்கிறார். வீடு திரும்பியவர்களைக் குடும்பத்தோடு மீண்டும் அழைத்து "ரீஹாப் மேளா" என்று ஒரு கூடல் நடத்துகிறார்கள். விளையாட்டும் பாட்டும் ஒரு பக்கம், உடல் பரிசோதனை ஒரு பக்கம். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கை கால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமம் கிராமமாகப் போய் வேலை செய்கிறது. இரண்டு இடத்திலும், வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பதைச் சிகிச்சையின் பகுதியாகவே வைத்திருக்கிறார்கள்.

பாகாயம் நமக்குத் தொலைவு. அந்தக் கூடலைச் சின்னதாகக் கம்மாபுரத்தில் நடத்துவதற்கு எந்த நிலையமும் வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் இப்படி நான்கைந்து குடும்பங்கள் நிச்சயம் இருக்கும். வீட்டுக்கு வரும் இயன்முறை சிகிச்சையாளருக்கும், சுகாதாரத் தன்னார்வலருக்கும் அவர்களைத் தெரியும். உங்கள் எண்ணைக் கொடுத்து, விருப்பமுள்ளவர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை, காலை பத்து மணிக்கு, சத்தமில்லாத இடத்தில், ஒன்றரை மணி நேரம். அடிபட்டவர்கள் ஒரு பக்கம் கேரமோ தாயமோ ஆடட்டும். ஆட்டத்தில் முறை பார்த்துக் காத்திருப்பதும் எண்ணுவதும் நல்ல பயிற்சி. பார்த்துக்கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம் பேசட்டும். முதல் கூட்டத்தில் எல்லாரும் அழுவார்கள். இரண்டாவதில் எந்த மருத்துவர் நன்றாகக் கேட்கிறார், எந்த மாத்திரை எங்கே மலிவு என்ற பேச்சு வந்துவிடும்.

நாலைந்து குடும்பம் சேர்ந்தால் கிராம சபையில் குரல் கேட்கும். இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் நடக்கும் இடத்துக்குச் சாய்தளம், ரேஷன் கடையில் உட்கார பெஞ்ச், பள்ளி முன்னால் வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு என எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுத்துத் தீர்மானமாக்கச் சொல்லுங்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தம் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது, ஊராட்சிக்கு ஒருவர் என்ற கணக்கில். உங்கள் ஊராட்சியில் அந்த இடத்தில் இருப்பவர் யார், இல்லையென்றால் எப்போது நியமிப்பார்கள் என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். கேட்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அவரையே கேட்கச் சொல்லுங்கள்.